மோதினார் என்று எழுதிக் கொடுத்த சீட்டு

என் பெயருக்கு முன்னால் ‘அல்ஹாஜ்’ இல்லாமல் ஒரு பத்திரிகை வந்தால் அந்தக் கல்யாணத்துக்கு நான் போகமாட்டேன். போனாலும் பிரியாணியில் உப்பு இல்லை என்பேன். 2011இல் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவன் நான். கூட்டத்தில் நசுங்கி, செருப்பைத் தொலைத்து, ஒரு மாத இருமலோடு மீனம்பாக்கத்தில் இறங்கியவன். அதற்கு நாலு எழுத்து மரியாதை கேட்பது தப்பா?

இப்படிப்பட்ட ஆள் அமீருதீனைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னைவிட்டால் வேறு யாரும் எழுதமாட்டார்கள். அவருக்கு நடந்தது என்னால் நடந்தது என்பது அவர் வீட்டுக்கு வெளியே எனக்கும் என் கடையில் வேலை பார்த்த லியோனார்டுக்கும்தான் தெரியும். லியோனார்ட் துபாய்க்குப் போய்விட்டான்.

எனக்கு வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை. வீடு கல்மண்டபத்தில். எங்கள் தெருப் பள்ளிவாசல் ஜமாஅத்துக்குப் பன்னிரண்டு வருடமாக நான் செயலாளர். அந்தப் பள்ளிவாசலில் இருபத்து மூன்று வருடம் மோதினாராக இருந்தவர் அமீருதீன். ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வது, கைகால் கழுவும் ஹவுளில் தண்ணீர் நிரப்புவது, பாய் விரிப்பது, மய்யித்து என்றால் உடலைத் தூக்கிப்போகும் சந்தூக்கை இறக்கித் துடைத்து வைப்பது எல்லாம் அவர் வேலை. மதியம் லுஹர் தொழுகைக்கும் மாலை அஸருக்கும் நடுவில் துறைமுக லாரிகளுக்குத் தார்ப்பாய்க் கிழிசல் தைப்பார். விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். குரல் மட்டும் அல்லாஹ் கொடுத்த குரல். விடியற்காலை பஜ்ர் பாங்குக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் போடுகிறவர்கள்கூட ஒரு நிமிடம் வாயை மூடுவார்கள் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன், மன்னிக்கவும்.

சின்ன வயதில் அவரைக் குர்ஆனை மனனம் செய்ய மதரஸாவில் சேர்த்திருந்தார்கள். குர்ஆனில் முப்பது ஜுஸு, அதாவது முப்பது பாகம். பிள்ளைகளுக்கு வழக்கம்போல முப்பதாவது ஜுஸுவையும் இருபத்தொன்பதையும் முதலில் முடித்து, பிறகு ஒன்றிலிருந்து ஆரம்பித்து இருபத்து நாலு வரை வந்திருக்கிறார். அப்போது அப்பா துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு படுத்துவிட்டார். பதினைந்து வயதுப் பையன் வீட்டுக்கு வந்தவன், வந்தவன்தான். முப்பதில் நாலு ஜுஸு பாக்கி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், யாராவது அவரை ‘ஹாஃபிழ் பாய்’ என்று கூப்பிட்டால் போதும், மனிதர் நின்றுவிடுவார்.

“ஹாஃபிழ் இல்ல பாய். நாலு ஜுஸு பாக்கி கீது.”

“அட, இருபத்தாறு ஓதியிருக்கீங்கல்ல!”

“முப்பதுன்னாதான் ஹாஃபிழ். இருபத்தொம்பதரைன்னாலும் இல்ல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரப்பா கணக்குக் கேட்டது? மரியாதையாக ஒருவன் கூப்பிட்டால் சிரித்துவிட்டுப் போகவேண்டியதுதானே?

ஆனால் கடைக்கு அவர் இல்லாமல் முடியாது. பத்திரிகையில் வரும் அரபி வரிகளை அவர்தான் சரிபார்ப்பார். அரபியோடு நிற்கமாட்டார், பெயர்களையும் பிடித்துக்கொள்வார். ஒருமுறை மீலாது விழாவுக்குப் போஸ்டர். பேச வருகிறவர் பெயருக்கு முன்னால் ‘மௌலானா மௌலவி அல்ஹாஃபிழ் அல்காரி முஃப்தி’ என்று வரிசையாகப் போட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்த லியோனார்ட் ராயபுரம் மாதா கோயில் பக்கத்துப் பையன், வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

“இன்னா பாய், எங்க ஃபாதர் வெறும் ஃபாதர்தான். உங்காளு பேருக்கு முன்னால ஒரு கூட்ஸ் வண்டியே போவுது?” என்றான்.

அமீருதீன் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். “இதுல முஃப்திய எடுத்துடு லியோனார்ட். அவரு ஆலிம். ஏழு வருசம் உக்காந்து ஓதி ஸனது, அதான் சர்டிபிகேட்டு, வாங்கினவரு, அத வச்சுத்தான் மௌலவின்னு போடறது. முஃப்தின்னா அதுக்கு மேலயும் படிக்கணும். மார்க்கத்துல ஒருத்தன் கேள்வி கேட்டா, கிதாபப் பாத்து பத்வா எழுதக் கத்துகினு இருக்கணும். அவரு அது படிக்கல.”

“காரி?”

“குர்ஆன முறையா ஓதத் தெரிஞ்சவரு. அது இருக்கட்டும், நல்லா ஓதுவாரு.”

“மௌலானா?”

“அதுக்குப் பரீட்ச இல்லப்பா. எங்க தலைவரேன்னு ஒரு மரியாத. ஹஜ்ரத்துங்கறதும் அப்டித்தான். அதெல்லாம் யாருக்கு வேணா போட்டுக்கோ, பாவமில்ல. ஆலிம், முஃப்தி, ஹாஃபிழ் மட்டும் சும்மா போடாத. அத நம்பி ஒருத்தன் வந்து கேப்பான்.”

“அப்ப மோதினாருன்னா?”

“கூப்புடறவன். தொழ வாங்கன்னு கூப்புடறதோட என் வேல முடிஞ்சுது. அதுக்கப்புறம் இமாமு பாத்துக்குவாரு.”

லியோனார்ட் முஃப்தியை எடுத்தான். அவர் போனதும் நான் மறுபடி போடச் சொன்னேன். பேச வருகிறவர் கோபித்துக்கொண்டால் போஸ்டர் காசு யார் தருவது?

அவர் மகள் நவ்ரீனுக்கு 2022 ஜனவரியில் கல்யாணம். தண்டையார்பேட்டையில் டயர் கடை வைத்திருக்கும் இல்லியாஸ் பாயின் மகன் ஃபர்ஹான்தான் மாப்பிள்ளை. நல்ல இடம். சம்பந்தம் பேசியது நான். பத்திரிகை என் அன்பளிப்பு என்றும் சொல்லிவிட்டேன். அமீருதீன் ஒரு சீட்டில் விவரம் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். பெண்ணின் தகப்பனார் என்ற இடத்தில் ‘K. அமீருதீன், மோதினார்’ என்று எழுதியிருந்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. எதிர்ப்பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு உறவில் ரெண்டு ஆலிம்கள், ஒரு ஹாஜி, ஒரு இன்ஜினியர். இந்தப் பக்கம் மோதினார் என்று மொட்டையாகக் கிடந்தால் பேசி முடித்த எனக்கல்லவா கௌரவக் குறைச்சல்? லியோனார்டிடம் சொன்னேன்: ‘மௌலவி அல்ஹாஃபிழ் K. அமீருதீன் ஆலிம்.’

“பாய், சீட்டுல அப்டி இல்லியே,” என்றான்.

“அடிடா சொல்றத!”

முந்நூறு பத்திரிகை. நானே கட்டாகக் கட்டி அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மனிதர் ஒன்றை உருவிப் படித்தார். இருபது வருடப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் என்னிடம் குரலை உயர்த்தினார்.

“இன்னா பாய் பண்ணி வச்சிருக்கீங்க? நான் ஆலிமா? நான் ஆலிமா சொல்லுங்க! இத எடுத்துனு போங்க.”

“ஒரு வாரத்துல கல்யாணம். திரும்ப அடிக்க நேரம் ஏது? பொண்ணப் பெத்தவன் மாதிரி பேசு.”

அவர் மனைவி தாஹிரா உள்ளேயிருந்து வந்து பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். பொன்னெழுத்தில் கணவர் பெயர் இருந்த இடத்தை முந்தானையால் துடைத்தார். “இருக்கட்டுமே. நம்ம நவ்ரீனுக்கு ஒரு நாளாவது…” என்று இழுத்தார்.

அமீருதீன் அந்தப் பத்திரிகையை வாங்கித் திரும்பக் கட்டில் செருகினார். “சரி. ஆனா சம்பந்திகிட்ட நீங்க சொல்லிடணும். இது தப்பா வந்துடுச்சு, இவரு வெறும் மோதினாருதான், ஆலிம் இல்லன்னு சொல்லிடணும். நான் சொன்னா அவுங்களுக்கு சங்கடமா இருக்கும். நீங்கதானே பேசி முடிச்சீங்க,” என்றார்.

“சொல்லிடறேன்.”

“வாக்கு?”

“வாக்குப்பா! இன்னா நீ, போலீஸ் மாதிரி கேட்டுகினு!”

சொல்லவில்லை. முதலில் மறந்தேன் என்று எழுதினால் அது பொய். இல்லியாஸ் பாய் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, “வெறும் பாங்கு சொல்ற ஆளுன்னு நெனச்சேன், ஆலிமாமே! நம்ம குடும்பத்துக்கு பரக்கத்து” என்று பூரித்துப்போனார். சொல்ல வாய் வரவில்லை. கல்யாணம் முடியட்டும் என்றேன். கல்யாணம் முடிந்தது. பிறகு எதற்கு என்று விட்டுவிட்டேன். அமீருதீனோ நான் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

ஒன்றரை வருடம் ஒன்றும் ஆகவில்லை. 2023 ஜூன் மாதம் இல்லியாஸ் பாயின் மருமகன் அஃப்ரித், மகள் ரூபினாவின் கணவர், இறந்துபோனார். எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்த பையன், முப்பது வயது. ரோட்டில் விபத்து. ரூபினாவுக்கு அப்போது மாதம் நிறைந்திருந்தது. வீடே கதறியது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் இல்லியாஸ் பாய் அமீருதீனுக்குப் போன் செய்தார். அமீருதீன் அப்போது என் கடையில்தான் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பேசியது என் காதில் விழுந்தது.

“ஆமா, இத்தா இருக்கணும்… நாலு மாசம் பத்து நாளு… ஆமா, வூட்டவுட்டு வெளிய வரக்கூடாது… அல்லாஹ் பொறுமையக் குடுக்கட்டும்.”

அவ்வளவுதான். கணவனை இழந்த பெண் மறுமணம் செய்யாமல், அலங்காரம் இல்லாமல் வீட்டோடு காத்திருக்கும் காலம் இத்தா. அதற்கு நாலு மாதம் பத்து நாள் என்று எங்கள் தெருவில் மீன் வாங்க வரும் பெண்களுக்கும் தெரியும். உறவுக்காரர் கேட்டார், தெரிந்ததைச் சொல்லுகிறோம் என்றுதான் அமீருதீன் சொன்னார். ஆலிமிடம் கேட்டு வாங்கிய தீர்ப்பு என்றுதான் இல்லியாஸ் பாய் வைத்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் ரூபினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு ஒரு வாரத்தில் யார்டிலிருந்து கடிதம் வந்தது. ரூபினா பி.காம் படித்தவள். கணவனுக்குப் பதிலாக ஆபீஸில் அவளுக்கு வேலை தருகிறோம், அறுபது நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். பிறகு எனக்குத் தெரிந்தது, அவள் கெஞ்சியிருக்கிறாள். “ஹஜ்ரத்த இன்னொரு தடவ கேளுங்கப்பா. ஒரே ஒரு நாளு போய்ட்டு வந்துட்றேன்.” இல்லியாஸ் பாய் கேட்கவில்லை. ஆலிம் சொல்லிவிட்டார், திரும்பத் திரும்பக் கேட்டால் அவமரியாதை என்றுவிட்டார். அறுபது நாள் போனது. அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

நவம்பரில் இல்லியாஸ் பாய் பேத்திக்கு அவள் அப்பா சொத்தில் வரவேண்டிய பங்கு விஷயமாக ஒரு முஃப்தியைப் பார்க்கப் போயிருக்கிறார். அவர் சாதாரணமாக, குழந்தை எப்போது பிறந்தது என்று கேட்டிருக்கிறார். இவர் சொன்னதும், “அப்ப அன்னிக்கே இத்தா முடிஞ்சு போச்சே. கர்ப்பிணிக்குப் பிரசவம் வரைக்கும்தான். அதுவும் பொழப்புக்காக அவசியம்னா அதுக்கு முன்னாலயே பகல்ல போயிட்டு வரலாமே, யார் வேணாம்னது?” என்றாராம்.

மறுநாள் எங்கள் ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். நான் போகிற வழியெல்லாம் அமீருதீனிடம் அதையும் இதையும் பேசிக்கொண்டே வந்தேன். அவருக்கு எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாது. நான் யூகித்திருந்தேன்.

இல்லியாஸ் பாய் சத்தம் போடவில்லை, அதுதான் பேஜாராக இருந்தது. முஃப்தி சொன்னதைச் சொன்னார். அமீருதீன் எழுந்து நின்றுவிட்டார்.

“எனக்கு அது தெரியாது பாய். வயித்துப் புள்ளக்காரின்னு தெரியும். அதுக்கு வேற சட்டம் கீதுன்னு தெரியாது.”

“ஆலிமுக்குத் தெரியாதா?”

“நான் ஆலிம் இல்லியே! மோதினாருதானே!”

இல்லியாஸ் பாய் அலமாரியைத் திறந்து பத்திரிகையை எடுத்து டீப்பாய் மேல் வைத்தார். பொன்னெழுத்து கொஞ்சமும் மங்கவில்லை, என் கடை மை அப்படி. “அப்ப இது இன்னா? இத யாரு போட்டது?”

அமீருதீன் பத்திரிகையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது, நான் வாக்கைக் காப்பாற்றவில்லை என்று. என் பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. என் கையில் டீ கிளாஸ் இருந்தது. ‘நான்தான் போட்டேன்’ என்று சொல்ல ரெண்டு வார்த்தை போதும். பக்கத்துக் கடைக்காரன் போர்டை அரை அடி வெளியே வைத்தான் என்று நடுரோட்டில் நின்று கத்துகிறவன் நான். அன்றைக்கு டீயைக் குடித்தேன்.

“எம் பேரு. எனக்குத் தெரிஞ்சுதான் வந்துச்சு. தெரிஞ்சும் வுட்டுட்டேன்,” என்றார் அமீருதீன்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்கால் பக்கம் ரூபினா நின்றிருந்தாள். “மாமு, மோதினாருன்னு போட்டிருந்தா எங்க வூட்ல பொண்ணு எடுத்திருக்க மாட்டாங்கன்னு நெனச்சீங்களா?” என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “எடுத்திருப்பாங்க மாமு. இத்தா எத்தினி நாளுன்னு மட்டும் வேற யாரையாவது கேட்டிருப்பாங்க.”

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் என்னென்னவோ சொன்னேன். நாளைக்கே போய் விளக்கிவிடுகிறேன் என்றேன். அமீருதீன் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

“நாலு மாசம் பத்து நாளுங்கற குர்ஆன் ஆயத்து ரெண்டாவது ஜுஸுல கீது. இப்ப கேட்டாலும் ஓதுவேன். முஃப்தி சொன்ன ஆயத்து இருபத்தெட்டாவது ஜுஸுவாம் பாய். தலாக் சூரா. நான் ஓதாம வந்த எடம்.”

“உன் தப்பு இன்னாப்பா இதுல?”

“தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். எனக்குப் பத்வா சொல்ற தகுதி இல்ல, வேற ஆளக் கேளுங்கன்னு சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் சொன்னேனே.”

மறுநாள் ஜமாஅத்துக்கு ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். ஒரே வரி. காரணம் எழுதவில்லை. கமிட்டியில் ஆளுக்கு ஆள் பேசினார்கள். ஆலிம் என்று போட்டு ஊரை ஏமாற்றியவர், நல்லவேளை அவராகவே போகிறார் என்றார் ஒருவர். நான் செயலாளர். அந்தக் கடிதத்தின் அடியில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று எழுதி, அல்ஹாஜ் ஜஹாங்கீர் என்று கையெழுத்துப் போட்டேன். ஆமாம், அல்ஹாஜையும் சேர்த்துத்தான். தூ!

அவர் தாஹிராவைக் கூட்டிக்கொண்டு மணலி புதுநகருக்குக் குடிபோனார். அங்கே லாரி நிறுத்துமிடம் ஒன்றில் நாள் முழுக்கத் தார்ப்பாய் தைக்கிற வேலை. பள்ளிவாசலுக்குப் புது மோதினார் வந்தார், நல்ல பையன். பாங்கு சொன்னால் எனக்கு எழுந்திருக்கத் தோன்றுவதில்லை. முன்பும் எழுந்ததில்லை, ஆனாலும் தோன்றும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மணலிக்குப் போனேன். கூரைக்கு அடியில் விரித்த தார்ப்பாயில் சம்மணம் போட்டு ஊசி கோத்துக்கொண்டிருந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கோபிப்பார் என்று நினைத்தேன். ஸலாம் சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு டீ வாங்கி வரப் போனார். வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“பாய், ரூபினாவுக்கு வேல எதுனா கெடச்சுதா?”

“இல்ல. அப்பா கடையிலதான் பில்லு போட்டுகினு கீது.”

தலையை ஆட்டிக்கொண்டார். ரெண்டு வருடமாக மனதில் எழுதி எழுதி அழித்து வைத்திருந்ததை நான் கொட்டினேன். பத்திரிகையில் போட்டது நான், வாக்குக் கொடுத்துவிட்டுச் சொல்லாமல் விட்டது நான், அன்றைக்கு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது நான், என்னை மன்னித்துவிடு அமீரு என்றேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, “இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதானே பாய்? என்கிட்ட வந்து எதுக்கு சொல்றீங்க?” என்றார். “தெரியாதவங்க தண்டையார்பேட்டையில கீறாங்க. போற வழிதானே?”

சொல்லிவிட்டு ஊசியை எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. திருவொற்றியூர் தாண்டியதும் சட்டையைச் சரிசெய்துகொண்டேன். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். தண்டையார்பேட்டையில் பஸ் நின்றது. நாலைந்து பேர் இறங்கினார்கள். கண்டக்டர் ஒருமுறைக்கு ரெண்டு முறை குரல் கொடுத்தார். கல்மண்டபத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்றே, நாளைக்கு வந்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.